நாலு கணக்குப்பிள்ளைகளும் ஒரு டிஸ்க்கும்

விர்ச்சுவல் மெஷின் வெச்சுப் பொழப்பு நடத்துற எல்லாருக்கும் இது பழகிப்போன விஷயம். டிஸ்க் நிறைஞ்சு போச்சுன்னு சர்வர் கதறும். செட்டிங்ஸ்ல போய் 40 ஜிபி-ங்கிறதை 100 ஜிபி-ன்னு மாத்தி ஓகே அழுத்துவோம். திரும்ப மெஷின் உள்ளே போய்ப் பார்த்தா, அதே 40 ஜிபி, அதே 100 சதவீதம் நிறைஞ்சு கம்முனு உட்கார்ந்திருக்கும். அப்ப கூடுதலா குடுத்த 60 ஜிபி எங்கே?

அது அங்கேயேதான் இருக்கு. நாம இன்னும் ரெண்டு மூணு பேர்கிட்ட தகவல் சொல்லலை, அவ்வளவுதான். ஏன் அத்தனை பேர், ஏன் அந்த வரிசையில சொல்லணும், ஏன் நடுவுல ஒரு இடத்துல பார்ட்டிஷனையே அழிக்கச் சொல்றாங்கன்னு தேடினா, "இந்தக் கமாண்டை அடி, அந்தக் கமாண்டை அடி"ன்னு குறிப்புகள் நிறைய கிடைக்கும். காரணம் சொல்றவங்க குறைவு. காரணம் வரலாற்றுல இருக்கு. அதுவும் அம்பது அறுபது வருஷ வரலாறு.

டிஸ்கி: டிஸ்க் பத்தின பதிவுக்கு டிஸ்கி இல்லாமலா :-) பொட்டி தட்டாதவங்களும் படிக்கிற மாதிரிதான் எழுதியிருக்கேன். பயப்படாம உள்ளே வாங்க.

ரொம்பச் சுருக்கமா ஒரு அறிமுகம். விர்ச்சுவல் மெஷின்-னா நிஜக் கம்ப்யூட்டருக்குள்ள ஓடுற இன்னொரு பொய்க் கம்ப்யூட்டர். அதுக்கு ஒரு டிஸ்க் இருக்கும். உள்ளேயிருந்து பார்த்தா அது நிஜ டிஸ்க் மாதிரியே தெரியும், வெளியேயிருந்து பார்த்தா வெறும் ஒரு ஃபைல். இந்த டிஸ்க்கோட அளவு எவ்வளவுன்னு எழுதி வெச்சுக்க நாலு கணக்குப்பிள்ளைகள் இருக்காங்க. மெய்நிகர் டிஸ்க் ஒண்ணு, பார்ட்டிஷன் டேபிள் ரெண்டு, எல்விஎம் மூணு (சில இடத்துல இவர் இருக்க மாட்டார்), ஃபைல் சிஸ்டம் நாலு. ஒவ்வொருத்தரும் வெவ்வேறு காலத்துல வேலைக்குச் சேர்ந்தவங்க. ஒருத்தர் நோட்டை இன்னொருத்தர் பார்க்க மாட்டார். கதையே இதுதான்.

1967: பக்கத்து மனைக்காரர்

விர்ச்சுவல் மெஷினை விஎம்வேர் கண்டுபிடிச்சதா நினைச்சுக்கிட்டு இருக்கிற நண்பர்கள் நிறைய. இல்லீங்க. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலம் கேம்பிரிட்ஜில் இருந்த ஐபிஎம் ஆராய்ச்சி மையத்துல 1964-ல் ராபர்ட் கிரீஸி என்பவர் தலைமையில் சிபி-40 என்ற திட்டம் தொடங்கினாங்க. 1967 ஜனவரியில் அது உபயோகத்துக்கு வந்துடுச்சு. ஒரே மெஷின்ல 14 பொய் மெஷின்கள் ஓடுச்சு. அதோட வாரிசு சிபி-67. அதுக்கும் வாரிசாக 1972 ஆகஸ்ட்ல ஐபிஎம் அறிவிச்சது விஎம்/370.

விஎம்/370-ல ஒவ்வொரு பயனருக்கும் ஒரு மினிடிஸ்க் குடுப்பாங்க. அந்தக் காலத்து 3330 டிஸ்க் பேக்ல 404 சிலிண்டர், மொத்தம் 100 எம்பி. (ஆமாங்க, எம்பிதான்.) அதைத் துண்டு போட்டு, "10-ம் சிலிண்டர்ல ஆரம்பிச்சு அஞ்சு சிலிண்டர் உனக்கு, அதுக்கு அடுத்த அஞ்சு அவருக்கு"-ன்னு ஒரு டைரக்டரியில எழுதி வெச்சிருப்பாங்க. மனைப்பிரிவு வரைபடம் மாதிரியேதான்.

இப்ப உங்க மினிடிஸ்க் நிறைஞ்சு போச்சு. அஞ்சு சிலிண்டரை ஏழாக்கணும். எப்படி ஆக்குவீங்க? அடுத்த சிலிண்டர் பக்கத்து மனைக்காரரோடது. காம்பவுண்ட் சுவரை அந்தப் பக்கம் தள்ளி வைக்க முடியுமா? அதனால வேற இடத்துல ஏழு சிலிண்டருக்குப் புது மினிடிஸ்க் ஒதுக்கி, ஃபார்மட் பண்ணி, பழசுல இருக்கிறதை எல்லாம் காப்பி அடிச்சு, சரியா வந்திருக்கான்னு பார்த்துட்டு, அப்புறம்தான் பழசைக் காலி பண்ணுவாங்க. டைரக்டரியில எண்ணைத் தப்பா எழுதி ரெண்டு மினிடிஸ்க் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிடுச்சுன்னா ஒருத்தர் எழுதுறது இன்னொருத்தர் டேட்டாவை அழிச்சிடும். இந்த மாதிரி மேலேறின இடங்களைக் கண்டுபிடிக்கவே டிஸ்க்மேப்-னு ஒரு கருவி பின்னாடி வந்தது.

இங்கே ரெண்டு விஷயத்தைக் கவனிங்க. ஒண்ணு, டேட்டா அழியறதுக்கு டிஸ்க் கெட்டுப்போக வேண்டியதில்ல, எல்லை எண் தப்பானாலே போதும். ரெண்டு, அவங்க வழி மெதுவானதா இருந்தாலும் அதுல பழைய பிரதி கடைசி வரைக்கும் பத்திரமா இருந்துச்சு.

1983: 16 பைட் உயில்

1983 மார்ச்ல ஐபிஎம் பிசி எக்ஸ்டி வந்தது. கூடவே 10 எம்பி ஹார்ட் டிஸ்க், டாஸ் 2.0. ஒரே டிஸ்க்ல ஒண்ணுக்கு மேற்பட்ட ஆப்பரேட்டிங் சிஸ்டம் குடியிருக்கணும்னு டிஸ்க்கோட முதல் 512 பைட்டுக்குள்ள ஒரு அட்டவணையைத் திணிச்சாங்க. நாலு வரி, வரிக்கு 16 பைட், ஆக மொத்தம் 64 பைட். இதுதான் பார்ட்டிஷன் டேபிள். நம்ம ரெண்டாவது கணக்குப்பிள்ளை.

அந்த 16 பைட்ல முக்கியமா இருக்கிறது எங்கே ஆரம்பிக்குது, எத்தனை செக்டர் என்ற ரெண்டு எண். அதுக்கு 32 பிட் ஒதுக்கினாங்க. 10 எம்பி டிஸ்க் இருந்த காலத்துல அது கடல் மாதிரி தெரிஞ்சிருக்கும். கணக்குப் போட்டா 2,199,023,255,552 பைட், அதாவது சுமார் 2.2 டிபி. அதுக்கு மேல டிஸ்க்கைப் பெருசாக்கினாலும் இந்த அட்டவணைக்கு எண்ணத் தெரியாது. இன்னைக்கும் பழைய விஎம் ஒண்ணை 3 டிபி-க்கு ஏத்தினா மிச்சம் சும்மா கிடக்கிறதுக்குக் காரணம் 1983.

இதே மாதிரி இன்னொரு கூத்து. டிஸ்க்ல ஒரு இடத்தைச் சொல்ல அப்ப சிலிண்டர், ஹெட், செக்டர்-னு மூணு எண் குடுக்கணும். பயாஸ் சொல்லுச்சு: சிலிண்டர் 1024 வரைக்கும்தான், செக்டர் 63 வரைக்கும்தான். டிஸ்க்கோட பேசுற ஐடிஇ சொல்லுச்சு: ஹெட் 16 வரைக்கும்தான். ரெண்டு பேரும் தனித்தனியா தாராளமாத்தான் இருந்தாங்க. ஆனா ரெண்டு பேரோட சின்ன எண்களையும் சேர்த்துப் பெருக்கினா 1024 × 16 × 63 × 512 = 528,482,304 பைட். 90-கள்ல 528 எம்பி-ங்கிற சுவர்ல எல்லாரும் போய் முட்டிக்கிட்டது இதனாலதான்.

இந்த 63 இருக்கே, இது சாதாரணப்பட்ட எண் இல்ல. 63-னு சொன்னா நமக்கு மயிலாப்பூர் அறுபத்து மூவர்தான் ஞாபகத்துக்கு வரும். பிசி உலகத்துல, முதல் டிராக்கைப் பார்ட்டிஷன் டேபிளுக்குன்னு விட்டுட்டு அடுத்த டிராக்ல இருந்து முதல் பார்ட்டிஷனை ஆரம்பிக்கிறது வழக்கம். டிராக்குக்கு 63 செக்டர்னா, முதல் பார்ட்டிஷன் 63-ம் செக்டர்ல ஆரம்பிக்கும். பல வருஷம் இதுதான் எழுதப்படாத சட்டம். பிறகு 4 கேபி செக்டர் டிஸ்க்குகளும் எஸ்எஸ்டி-யும் வந்தப்ப 63 ஒத்துவரலை. விஸ்டா காலத்துல இருந்து விண்டோஸும், 2010 வாக்குல லினக்ஸ் எஃப்டிஸ்க்கும் 2048-ம் செக்டருக்கு மாறிடுச்சு. இந்த எண் மாற்றத்தை மனசுல வெச்சுக்கங்க, பின்னாடி வேலை இருக்கு.

90-கள்: சுவரைத் தள்ளக் கத்துக்கிட்டாங்க

ஃபைல் சிஸ்டம்தான் நாலாவது கணக்குப்பிள்ளை. எந்த ஃபைல் எந்தக் கட்டத்துல இருக்குன்னு கணக்கு வெச்சிருக்கிறவர். இவரோட நோட்லயும் "மொத்தம் இத்தனை கட்டம்"னு ஒரு எண் இருக்கும். பார்ட்டிஷன் பெருசானா இவருக்குத் தானா தெரியாது.

பவர்குவெஸ்ட்-னு ஒரு கம்பெனி, பார்ட்டிஷன்மேஜிக்-னு ஒரு மென்பொருள். டேட்டா உள்ளே இருக்கும்போதே பார்ட்டிஷனைப் பெருக்கி, சுருக்கி, நகர்த்திக் காட்டுச்சு. அதுவரைக்கும் அளவு மாத்தணும்னா பொதுவா எல்லாத்தையும் அழிச்சுத் திரும்பப் போடணும். பேரே மேஜிக்-னு வெச்சது நியாயம்தான். (2003-ல் அந்தக் கம்பெனியை சைமன்டெக் வாங்கிடுச்சு.)

எனக்குப் பிடிச்ச தகவல் இது: இன்னைக்கு லினக்ஸ்ல எக்ஸ்ட்4-ஐப் பெருசாக்க நாம அடிக்கிற ரீசைஸ்2எஃப்எஸ் இருக்கே, அதோட மூல நிரல்ல 1997, 1998 ஆண்டுகளுக்கான காப்பிரைட் வரியில ரெண்டு பேர் இருக்கு. ஒண்ணு, தியடோர் ட்ஸோ. இன்னொண்ணு, பவர்குவெஸ்ட். காசுக்கு விண்டோஸ் மென்பொருள் வித்த கம்பெனியோட பேர் இன்னைக்கு ஒரு லினக்ஸ் கருவியோட மூல நிரல்ல சத்தமில்லாம உட்கார்ந்திருக்கு.

அடுத்து, ஓடிக்கிட்டு இருக்கும்போதே எக்ஸ்ட்3-ஐப் பெருக்குற வசதி 2.6.10 கெர்னல்ல, 2004 டிசம்பர்ல வந்தது. இதுக்கு ஒரு முன்னேற்பாடு பண்ணாங்க பாருங்க, நம்ம ஊர் மேஸ்திரி தோத்துட்டார். நாளைக்கு மாடி எடுக்கணும்னா வசதியா இருக்கட்டும்னு தூண்ல கம்பியை நீட்டி விட்டு வெப்பாங்கல்ல? அதே மாதிரி, ஃபைல் சிஸ்டம் உருவாக்கும்போதே, பிற்காலத்துல 1024 மடங்கு வரைக்கும் வளர்ந்தாலும் கணக்கு எழுதத் தேவையான இடத்தைக் காலியா விட்டு வைக்கும்.

நடுவுல, பக்கத்து மனைக்காரர் பிரச்னைக்கே ஒரு தீர்வு வந்தது. அதுதான் எல்விஎம், மூணாவது கணக்குப்பிள்ளை. ஐபிஎம்மோட ஏஐஎக்ஸ்ல 1990-லேயே இருந்தது. லினக்ஸுக்கு 1998-ல் ஹைன்ஸ் மவுல்ஸ்ஹாகன் எழுதினார். டிஸ்க்கை வழக்கமா 4 எம்பி துண்டுகளா நறுக்கி, எந்தத் துண்டு யாருக்குன்னு நோட்ல எழுதிக்குவாங்க. துண்டுகள் பக்கத்துல பக்கத்துல இருக்கணும்னு அவசியமே இல்ல. உங்க வீட்டு நாலாவது ரூம் வேற தெருவுல இருக்கலாம், ஆனா கதவைத் திறந்தா ஹால்ல இருந்து நேரா உள்ளே போயிடலாம்.

1999: வளருற டிஸ்க்

1999-ல விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் வந்தது. சாதாரண பிசி-யில விர்ச்சுவல் மெஷின். டிஸ்க் என்பது வெறும் ஒரு ஃபைல் ஆச்சு. ஃபைலைப் பெருசாக்குறது சப்பை மேட்டர்தானே?

இங்கேதான் எல்லாரும் முழிச்சாங்க. அதுவரைக்கும் கடையில வாங்கின ஒரு டிஸ்க் தூங்கி எழுந்தா பெருசா ஆனதா சரித்திரமே இல்ல! 1983-ல பார்ட்டிஷன் டேபிள் எழுதினவங்களுக்கும் சரி, ஆப்பரேட்டிங் சிஸ்டம் எழுதினவங்களுக்கும் சரி, டிஸ்க்கோட அளவுங்கிறது கல்வெட்டு மாதிரி. அந்தக் கல்வெட்டு இப்ப ரப்பர் ஆயிடுச்சு.

விளைவுகள் ஒவ்வொண்ணா வந்தது. விண்டோஸ் சர்வர் 2003-ல சி டிரைவை அந்த மெஷினுக்குள்ள இருந்தே டிஸ்க்பார்ட் கொண்டு பெருக்க முடியாது. அட்மின்கள் அந்த டிஸ்க்கைக் கழட்டி இன்னொரு விஎம்-ல மாட்டி, அங்கேயிருந்து பெருக்கித் திரும்ப மாட்டுவாங்க. விஸ்டாவும் சர்வர் 2008-ம் வந்த பிறகுதான் விடிவு. லினக்ஸ்ல, முதல்ல ரூட் பார்ட்டிஷன், அதுக்கு அடுத்து ஸ்வாப்-னு போட்டு வைக்கிறது பழக்கம். புது இடம் டிஸ்க்கோட கடைசியில வரும். நடுவுல ஸ்வாப் நந்தி மாதிரி உட்கார்ந்திருக்கும். புதிய விண்டோஸ்ல அந்த நந்தி ரெகவரி பார்ட்டிஷன். "எக்ஸ்டெண்ட் வால்யூம்" மங்கலா இருக்கேன்னு புலம்புறவங்க எல்லாரும் சந்திக்கிறது அதே 1972-ம் வருஷத்துப் பக்கத்து மனைக்காரரைத்தான்.

2.2 டிபி சுவரைத் தாண்ட வந்த ஜிபிடி பார்ட்டிஷன் டேபிள்லயும் ஒரு வேடிக்கை. பாதுகாப்புக்குன்னு தன்னோட இன்னொரு நகலை டிஸ்க்கோட கடைசி செக்டர்கள்ல வெச்சுக்கும். நல்ல யோசனைதான். ஆனா டிஸ்க் வளர்ந்ததும் "கடைசி" நடுவுல மாட்டிக்கும். முதல்ல அந்த நகலைப் புதுக் கடைசிக்கு நகர்த்தணும். பார்ட்டெட் "சரி பண்ணட்டுமா?"ன்னு கேக்குறது இதைத்தான்.

63-ஐ நேர்ல பார்த்தது

எங்க டீம்ல ஒரு பழைய சர்வர். நிஜப் பொட்டியா பிறந்து, பிற்பாடு விர்ச்சுவல் மெஷினா மறுபிறவி எடுத்தது. பத்துப் பன்னிரண்டு வருஷத்து பக் விவரங்கள், அதோட வந்த லாக் ஃபைல்கள் எல்லாம் அதுலதான். அந்தப் பக் எல்லாம் எழுதினவங்கள்ல பாதிப் பேர் கம்பெனியிலேயே இல்ல, அதனால போனா திரும்ப எழுதி வாங்க முடியாது. எல்விஎம் கிடையாது. டிஸ்க்கைப் பெருசாக்குற ஆணி என் தலையில விழுந்தது.

விஎம்-ஐ நிறுத்தி, டிஸ்க் ஃபைலை அப்படியே இன்னொரு இடத்துக்குக் காப்பி எடுத்து, அந்தக் காப்பியைத் தனியா பூட் பண்ணிப் பார்த்துட்டுதான் கையை வெச்சேன். ஒரு மீட்பு சிடி-யில பூட் பண்ணி பார்ட்டிஷன் டேபிளைப் பார்த்தா, முதல் பார்ட்டிஷன் ஆரம்பம்: 63. பழைய ஆள்!

பார்ட்டிஷனைப் பெருக்க எஃப்டிஸ்க்ல அதை அழிச்சுட்டு, அதே இடத்துல ஆரம்பிச்சுப் பெருசா திரும்ப உருவாக்கணும். கேக்கவே வயித்தைக் கலக்கும். ஆனா அழியறது அந்த 16 பைட் வரி மட்டும்தான், டேட்டாவை யாரும் தொடலை. பத்திரத்துல அளவை மாத்தி எழுதறதுக்கும் வீட்டை இடிக்கிறதுக்கும் உள்ள வித்தியாசம்.

ஆனா புது எஃப்டிஸ்க் ஆரம்ப செக்டர்னு தானா நீட்டுறது 2048. யோசிக்காம என்டர் தட்டினா என்ன ஆகும்? ஆரம்பம் 1985 செக்டர் தள்ளிப் போகும். எக்ஸ்ட்3 தன்னோட சூப்பர்பிளாக்கைப் பார்ட்டிஷன் ஆரம்பத்துல இருந்து சரியா 1024 பைட் தள்ளித் தேடும். அங்கே அது இருக்காது. "ஃபைல் சிஸ்டமே இல்ல"ன்னு சொல்லிடும். அப்பவும் டேட்டா பத்திரமாத்தான் இருக்கும், 63-ன்னு திருத்தினா எல்லாம் திரும்ப வந்துடும். பதறிப்போய் ஃபார்மட் பண்ணினா மட்டும்தான் நிஜமாவே போகும். டேட்டா போன கதைகளை விசாரிச்சுப் பாருங்க, பெரும்பாலும் முதல் தப்புல போயிருக்காது. அதைச் சரி பண்றேன்னு ரெண்டாவதா செஞ்சதுலதான் போயிருக்கும்.

63-ன்னு கையால அடிச்சதும் எஃப்டிஸ்க், "இங்கே எக்ஸ்ட்3 அடையாளம் இருக்கு, நீக்கிடட்டுமா?"ன்னு கேட்டுச்சு. வேண்டாம்-னு சொல்லணும். ஆனா இந்தக் கேள்வி வந்ததே நல்ல சகுனம். ஆரம்பம் சரியா பொருந்தினாதான் அந்த அடையாளமே அதோட கண்ணுக்குத் தெரியும். நந்தியா நின்ன ஸ்வாப்ல சேமிக்க ஒண்ணும் இல்ல, அதை அழிச்சுட்டு டிஸ்க்கோட கடைசியில புதுசா போட்டாச்சு. அப்புறம் ஃபைல் சிஸ்டத்தைச் சரிபார்த்து, பெருக்கினேன். பன்னிரண்டு வருஷமும் அப்படியே இருந்தது.

மேகத்துலயும் அதே கதை

அமேசான் 2008-ல ஈபிஎஸ் டிஸ்க்குகளை அறிமுகப்படுத்தினப்ப, பெருசாக்கணும்னா ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து, அதுல இருந்து பெரிய டிஸ்க் உருவாக்கி, மெஷினை நிறுத்தி மாத்தி மாட்டணும். அதாவது 1972 முறை! ஓடும்போதே பெருசாக்குற வசதி 2017 பிப்ரவரியில வந்தது. லினக்ஸ் கெர்னலும், உபயோகத்துல இருக்கிற பார்ட்டிஷனோட அளவை மட்டும் மாத்த 2012-ல வழி பண்ணிக் குடுத்தது. அதனால இப்ப குரோபார்ட் ஒண்ணு, ரீசைஸ்2எஃப்எஸ் ஒண்ணு, ரெண்டே கமாண்ட்ல முடியுது. கணக்குப்பிள்ளைகள் ரிட்டயர் ஆகலை, அவங்களுக்குத் தகவல் சொல்ல ஆள் வந்திருக்கு, அவ்வளவுதான்.

ஈபிஎஸ்-ஐப் பெருக்கலாம், சுருக்க முடியாது. எக்ஸ்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டமும் கிட்டத்தட்ட அப்படித்தான். அதனால 100 போதும்னா 500 குடுக்காதீங்க.

கடைசியா, வரலாறு சொல்லிக் குடுத்த வரிசை:

1. முதல்ல முழுக் காப்பி. அந்தக் காப்பியைத் திறந்து பார்த்தாதான் அது காப்பி.

2. ஸ்னாப்ஷாட் காப்பி ஆகாது. அது அசல் டிஸ்க்கைச் சார்ந்து நிக்கிற வித்தியாசக் கணக்கு மட்டும். விஎம்வேர்ல ஸ்னாப்ஷாட் இருக்கும்போது அடியில இருக்கிற டிஸ்க்கைப் பெருக்கினா சங்கிலியே அறுந்துடும். பழைய ஸ்னாப்ஷாட்களை முதல்ல ஒண்ணு சேர்த்துடுங்க.

3. பார்ட்டிஷன் டேபிளை ஒரு டெக்ஸ்ட் ஃபைலா எடுத்து வெளியே வைங்க. எஸ்எஃப்டிஸ்க் இதைச் செய்யும். ஆரம்ப செக்டரை ஒரு பேப்பர்லயும் எழுதிக்கங்க, சிரிக்காதீங்க.

4. பெருக்கும்போது வெளியேயிருந்து உள்ளே: டிஸ்க், பார்ட்டிஷன், எல்விஎம், ஃபைல் சிஸ்டம். சுருக்கும்போது அப்படியே தலைகீழ்: முதல்ல ஃபைல் சிஸ்டம், கடைசியில டிஸ்க். உள்ளே இருக்கிறவர் எப்பவும் வெளியே இருக்கிறவரை விடப் பெருசா இருக்கக் கூடாது. இந்த ஒரு விதி போதும், மத்ததெல்லாம் மறந்தாலும் பரவாயில்ல.

5. தாங்கி நிக்கிற நிஜ டிஸ்க்ல இடம் இருக்கான்னு பாருங்க. மெல்லிசா ஒதுக்குற முறையில 100 ஜிபி-ங்கிறது வாக்குறுதி மட்டும்தான். தேர்தல் வாக்குறுதி மாதிரி ஆயிடப் போகுது.

6. எதாவது "இல்ல"ன்னு வந்தா, கையைக் கட்டிக்கிட்டு அஞ்சு நிமிஷம் உட்காருங்க. ஃபார்மட் மட்டும் பண்ணாதீங்க.

உங்கள்ல யாராவது மெயின்ஃபிரேம்ல மினிடிஸ்க்கோட மல்லுக்கட்டின பெரியவங்க இருந்தா பின்னூட்டத்துல கொசுவர்த்தி சுத்துங்க, கேக்க ஆசையா இருக்கு. சுருக்குறது எப்படின்னு யாராவது கேட்டா அது தனிப் பதிவு. அதுக்கு இன்னும் கொஞ்சம் தைரியம் வேணும் :-)